புரோஸ்டேட் திசு மாதிரி ஆய்வின் அரிய, கடுமையான சிக்கல்கள்: வழிகள், கணக்கீடு, நோயாளிக்கான அறிவிப்பு

ஆய்வுச் சுருக்கம்

புரோஸ்டேட் புற்றுநோயை உறுதி செய்வதற்கு ஊசி வழியே திசு மாதிரி எடுத்து ஆராய்வது உலகெங்கும் வழக்கமான நடைமுறையாக உள்ளது. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர். எனினும் செப்சிஸ், முதுகெலும்புத் தொற்று, மலக்குடல் பெருங்குருதிப்போக்கு முதலிய கடுமையான சிக்கல்கள் சிலருக்கு நேர்கின்றன. இச்சிக்கல்கள் தோன்றும் வழிகளையும், அவை 'அரியவை' என மதிப்பிடப்படும் முறையையும், தடுப்பு முறைகளின் வளர்ச்சியையும் இக்கட்டுரை விளக்குகின்றது. ஒரு சிக்கலின் அருமை நிலையான பண்பன்று. நுண்ணுயிரிகளின் எதிர்ப்பாற்றல், ஊசி செல்லும் வழி, கணக்கிடும் முறை ஆகியவற்றைப் பொறுத்து அது மாறுகின்றது. எனவே, அரியது என்னும் காரணத்தால் அதனை நோயாளிக்கு அறிவிக்காமல் விடுவது பொருந்தாது என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: புரோஸ்டேட், திசு மாதிரி ஆய்வு, செப்சிஸ், நுண்ணுயிர் எதிர்ப்பி, எதிர்ப்பாற்றல், அறிந்து வழங்கும் ஒப்புதல்.

முன்னுரை

ஒரு மருத்துவச் செயல் நாள்தோறும் பலமுறை நிகழ்த்தப்படும்போது அது 'சாதாரணமானது' என்னும் பெயரைப் பெறுகின்றது. செய்பவருக்கு அது பழகிய செயல்; செய்துகொள்பவருக்கோ பெரும்பாலும் அதுவே முதல் முறை. புரோஸ்டேட் திசு மாதிரி ஆய்வில் இவ்வேறுபாடு கூர்மையாக வெளிப்படுகின்றது. இதற்கு உட்படுவோர் பலர், குருதியில் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவு கூடியிருப்பதைத் தவிர வேறு நோய்க்குறி எதுவும் இல்லாதவர்கள். மாதிரி எடுக்கப்பட்ட பலருக்குப் புற்றுநோய் இல்லை என்றே முடிவு வருகின்றது. நோயில்லாத ஒருவர், நோய் உண்டா என்று அறிவதற்காகச் செய்யப்பட்ட ஆய்வினாலேயே உயிருக்குப் போராடும் நிலையை அடைவது அரிதாகவேனும் நிகழ்கின்றது. அது எவ்வாறு நிகழ்கின்றது, எவ்வளவு அரியது, எவ்வாறு தவிர்க்கத்தக்கது என்பன இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினாக்கள்.

1. சுரப்பியின் இருப்பிடமும் ஊசியின் வழியும்

புரோஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வடிகுழாயைச் சூழ்ந்து அமைந்துள்ள சுரப்பியாகும். அதன் பின்புறம் மலக்குடலின் முன்சுவரை ஒட்டியுள்ளது. மருத்துவர் மலக்குடல் வழியே விரலால் தொட்டுச் சுரப்பியைச் சோதிப்பதற்கு இவ்வண்மையே காரணம். ஊசியைச் செலுத்துவதற்கு மலக்குடலே எளிய வழியாகக் கருதப்பட்டதும் இதனால்தான்.

1989ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஹாட்ஜும் அவர்தம் குழுவினரும், மலக்குடலுள் வைக்கப்படும் மீயொலிக் கருவியின் துணையுடன் சுரப்பியின் ஆறு இடங்களிலிருந்து முறையாக மாதிரி எடுக்கும் வழியை வெளியிட்டனர். பின்னர் மாதிரிகளின் எண்ணிக்கை பன்னிரண்டாக உயர்ந்து அதுவே பொதுவழக்காயிற்று. 1994ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் பி.எஸ்.ஏ. சோதனையைப் புற்றுநோயைக் கண்டறிவதற்கான துணைச் சோதனையாக ஏற்றபின் திசு மாதிரி ஆய்வுகள் பெருகின.

ஊசி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த தடிமன் உடையது. விசையால் இயங்கி, நொடிப்பொழுதில் மெல்லிய நூல் போன்ற திசுத் துண்டை வெட்டி எடுக்கும். சுரப்பியைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து செலுத்தப்படுவதால் வலி தாங்கக்கூடியதாகவே இருக்கும். ஆயினும் மலக்குடல் வழி முறையில் அவ்வூசி பன்னிரண்டு முறை, நுண்ணுயிரிகள் நிறைந்த குடற்சுவரைத் துளைத்து, நுண்ணுயிரிகள் அற்ற ஒரு சுரப்பிக்குள் நுழைகின்றது. அறுவை மருத்துவத்தின் பிற துறைகளில் தூய்மையற்ற பகுதியினூடே தூய்மையான உறுப்பிற்குள் கருவியைச் செலுத்துவது இயன்றவரை தவிர்க்கப்படுவது. இங்கு அதுவே நடைமுறையாக நிலைபெற்றது. அது நிலைபெற்றதற்கு நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் மேல் வைக்கப்பட்ட நம்பிக்கையே அடிப்படை.

2. எதிர்பார்க்கத்தக்க விளைவுகளும் சிக்கல்களும்

எதிர்பார்க்கத்தக்க விளைவுகளையும் சிக்கல்களையும் பிரித்தறிதல் முதற்கண் வேண்டும். பிரித்தானியாவில் 50 முதல் 69 வயது வரையுள்ள 1,147 ஆடவரிடம் மேற்கொள்ளப்பட்டு 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான சான்றாகும். மாதிரி எடுத்த 35 நாட்களுக்குள் விந்தில் குருதி கண்டோர் 92.6 விழுக்காட்டினர், சிறுநீரில் கண்டோர் 65.8 விழுக்காட்டினர், மலத்தில் கண்டோர் 36.8 விழுக்காட்டினர். வலி 43.6 விழுக்காட்டினருக்கும், காய்ச்சல் உணர்வு 17.5 விழுக்காட்டினருக்கும் இருந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 1.3 விழுக்காட்டினரே.

குருதி தோன்றுவது பெரும்பான்மையோருக்கு நேர்வது. அது தானே அடங்குவது. ஆனால் நோயாளியை அச்சுறுத்துவது அதுவேயாகும். மாறாக, காய்ச்சல் பழகிய ஒன்றாகத் தோன்றுவதால் பொருட்படுத்தப்படாமல் போகக்கூடும். கண்ணுக்குப் புலப்படும் குருதி பெரும்பாலும் தீங்கற்றதாகவும், எளியதாகத் தோன்றும் குளிர்காய்ச்சல் உயிரிடரின் முதற்குறியாகவும் அமைவது இச்செயல்முறையின் முரண். மருத்துவமனைகள் வழங்கும் அறிவுரைகள் இம்முரணைத் தெளிவுறுத்த வேண்டியவை.

3. செப்சிஸ்: மணிக்கணக்கில் முற்றும் சிக்கல்

கடுமையான சிக்கல்களுள் முதன்மையானது செப்சிஸ். தொற்றுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை ஒழுங்கிழந்து, உடலின் சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் உயிரிடர் நிலை என 2016ஆம் ஆண்டின் பன்னாட்டு வரையறை அதனைக் குறிக்கின்றது. ஊசி மலக்குடலிலிருந்து கொண்டு செல்லும் நுண்ணுயிரிகளுள் ஈ.கோலை முதன்மையானது. அது சுரப்பியிலும் சிறுநீர்ப் பாதையிலும் பெருகலாம். துளையுண்ட சிரைகளின் வழியே நேரடியாகக் குருதியிலும் கலக்கலாம்.

இச்சிக்கல் பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குள் வெளிப்படுகின்றது. உடல் நடுங்கும் குளிர், உயர்ந்த காய்ச்சல், விரைவான மூச்சு, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல், குருதியழுத்தம் தாழ்தல் என அது முற்றும். முதியோரிடமும் நோயெதிர்ப்புத் திறன் குன்றியோரிடமும் காய்ச்சல் இல்லாமலேயே தளர்ச்சியும் குழப்பமும் முதலில் தோன்றுவதுண்டு. குருதியழுத்தம் தாழ்ந்த அதிர்ச்சி நிலை தோன்றின், ஒரு மணி நேரத்திற்குள் தகுந்த நுண்ணுயிர் எதிர்ப்பியைச் சிரைவழிச் செலுத்த வேண்டும் எனப் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

'தகுந்த' என்னும் சொல்லில்தான் இடர் உள்ளது. நீண்ட காலமாக மாதிரி எடுப்பதற்கு முன் தடுப்பு மருந்தாகச் சிப்ரோஃப்ளோக்சசின் முதலிய ஃப்ளோரோகுயினோலோன் வகை மருந்துகளே கொடுக்கப்பட்டு வந்தன. அவை வாய்வழி உட்கொள்ளத்தக்கவை. புரோஸ்டேட் திசுவுக்குள் நன்கு ஊடுருவுபவை. ஆனால் தடுப்பு மருந்தையும் மீறித் தொற்று உண்டாகுமானால், அத்தொற்றை விளைத்த நுண்ணுயிரி அம்மருந்தை எதிர்க்கும் வகையைச் சேர்ந்ததாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. காய்ச்சலுடன் வரும் நோயாளிக்கு அதே மருந்தை மீண்டும் கொடுப்பது நேரத்தை இழப்பதாகும். அண்மையில் திசு மாதிரி எடுக்கப்பட்டது என்னும் செய்தியையும், அப்போது கொடுக்கப்பட்ட மருந்தின் பெயரையும் நோயாளி அறிந்திருந்து முதலில் காணும் மருத்துவரிடம் கூறுவாரானால், வேறு வகை மருந்தைத் தெரிவு செய்ய அது வழிகாட்டும். நோயாளியிடம் உள்ள செய்தி இங்கு மருத்துவத்தின் ஒரு கூறாகவே செயல்படுகின்றது.

4. பிற அரிய சிக்கல்கள்

4.1 முதுகெலும்புத் தொற்று

இடுப்புப் பகுதிச் சிரைகளையும் முதுகெலும்பைச் சூழ்ந்த சிரைகளையும் இணைக்கும் பின்னலொன்று உண்டு. அதில் குருதியின் ஓட்டத்தை ஒரு திசைக்கே கட்டுப்படுத்தும் தடுக்கிதழ்கள் இல்லை. வயிற்றின் உள்ளழுத்தம் உயரும்போது குருதி பின்னோக்கி முதுகெலும்பை நோக்கியும் செல்லக்கூடும். 1940ஆம் ஆண்டில் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஆஸ்கர் பேட்சன் இப்பின்னலைக் கொண்டு, புரோஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவும் முறையை விளக்கினார். நுண்ணுயிரிகள் சுரப்பியிலிருந்து முதுகெலும்பை அடைவதற்கும் இதுவே ஒரு வழியாகக் கருதப்படுகின்றது.

இத்தொற்று சில வாரங்கள் கழித்து, ஓய்விலும் தணியாத முதுகுவலியாக வெளிப்படலாம். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். முதியவரின் முதுகுவலி வயதின் இயல்பாகக் கொள்ளப்படுவதால், முன்னர் எடுக்கப்பட்ட திசு மாதிரியுடன் அதனைத் தொடர்புபடுத்த எவருக்கும் தோன்றாமல் போகலாம். காலம் தாழ்ந்தால் தண்டுவடத்தை அழுத்தும் சீழ்க்கட்டி உருவாகிக் கால்கள் செயலிழக்கும் இடரும் உண்டு.

4.2 அகவிதயச் சவ்வழற்சி, மூளையுறை அழற்சி, ஃபோர்னியர் அழுகல்

குருதியில் கலந்த நுண்ணுயிரிகள் இதய வால்வுகளில் தங்குவதால் அகவிதயச் சவ்வழற்சியும், மூளையுறையை அடைவதால் மூளையுறை அழற்சியும் நேர்ந்தமை தனிநபர் நோய்ப்பதிவுகளாக வெளிவந்துள்ளன. செயற்கை வால்வு பொருத்தப்பட்டோர் முன்னதில் தனிக் கவனத்திற்குரியவர். பிறப்புறுப்பைச் சூழ்ந்த தோலடித் திசுக்கள் விரைந்து அழுகும் ஃபோர்னியர் அழுகல் மற்றொரு பெருங்கேடு. பாரிசு மருத்துவர் ஃபோர்னியர் 1883ஆம் ஆண்டில் இதனை விரித்துரைத்தார். தோலில் காணப்படும் மாற்றத்தைவிட வலி அளவிறந்து இருப்பது இதன் தொடக்கக் குறி. நீரிழிவு உடையோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகின்றது. அழுகிய திசுவை உடனடியாக அறுவையால் நீக்குவதே தீர்வு.

4.3 பெருங்குருதிப்போக்கும் சிறுநீர் அடைப்பும்

மலக்குடற் சுவரிலுள்ள சிறு தமனி துளையுண்டால் குருதி தொடர்ந்து வெளியேறும். மலக்குடலில் குருதி தேங்கி நிற்பதால் வெளியே தெரியும் அளவைவிட இழப்பு மிகுதியாக இருக்கக்கூடும். தலைச்சுற்றலும் மயக்கமும் அதனை உணர்த்தும். அழுத்தம் கொடுத்தல், அகநோக்கி வழியே குருதிக்குழாயைக் கவ்வியால் மூடுதல், தேவையெனில் கதிர்வீச்சுப் படத்தின் துணையுடன் தமனியை அடைத்தல் ஆகியன படிப்படியான தீர்வுகள். உறைவெதிர் மருந்து உட்கொள்வோர் இதய மருத்துவரின் அறிவுரையின்றித் தாமே அதனை நிறுத்துதல் கூடாது. குருதிப்போக்கைத் தவிர்க்க முயன்று பக்கவாதத்திற்கோ மாரடைப்பிற்கோ ஆளாகும் இடர் அதில் உண்டு. குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தொடரலாம் என ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

சுரப்பி வீங்குவதால் சிறுநீர் முற்றிலும் அடைபடுவதும் உண்டு. ஏற்கெனவே சிறுநீர் கழிப்பதில் இடர்ப்பாடு உள்ளோரிடம் இது மிகுதி. சில நாட்களுக்கு வடிகுழாய் பொருத்துவதே பெரும்பாலோருக்குப் போதுமானதாகின்றது.

5. 'அரியது' என்பதன் கணக்கு

சிக்கல்களின் அளவு ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றது. முன்னர்க் குறித்த பிரித்தானிய ஆய்வில் மருத்துவமனைச் சேர்க்கை 1.3 விழுக்காடு. அமெரிக்காவில் மெடிக்கேர் காப்பீட்டுத் திட்டத்தின் பதிவுகளைக் கொண்டு 17,472 பேரை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 30 நாட்களுக்குள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 6.9 விழுக்காட்டினர், மாதிரி எடுக்கப்படாத ஒப்பீட்டுக் குழுவில் 2.7 விழுக்காட்டினர். முன்னதில் பங்கேற்றோர் எழுபது வயதுக்குக் குறைந்தவர். பின்னதில் இடம்பெற்றோர் முதியோர். பின்னது எக்காரணத்தாலும் நேர்ந்த சேர்க்கைகளைக் கணக்கில் கொண்டது. எனவே ஒரு விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இடரின் அளவு இதுவே என உரைத்தல் பொருந்தாது. எவரை, எத்தனை நாட்கள், எதற்காகக் கணக்கிட்டனர் என்பதைச் சேர்த்தே அவ்வெண்ணைப் படித்தல் வேண்டும்.

இவற்றினும் கருதத்தக்கது கனடாவின் ஒண்டாரியோ மாகாண ஆய்வாகும். 1996 முதல் 2005 வரை மாதிரி எடுக்கப்பட்ட 75,190 ஆடவரின் பதிவுகளை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் அது வெளியிடப்பட்டது. புற்றுநோய் இல்லை என முடிவு வந்தவர்களுள் சிறுநீரகவியல் சார்ந்த சிக்கல்களால் 30 நாட்களுக்குள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 1996இல் 1.0 விழுக்காட்டினராக இருந்து 2005இல் 4.1 விழுக்காட்டினராக உயர்ந்தனர். சேர்க்கைகளுள் 72 விழுக்காடு தொற்று சார்ந்தவை.

இப்பத்தாண்டுகளில் ஊசி பெரிதாக மாறவில்லை. மாறியவை நோயாளிகளின் குடலில் வாழ்ந்த நுண்ணுயிரிகள். சமுதாயத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் பயன்பாடு பெருகியதன் விளைவாக எதிர்ப்பாற்றல் உடைய வகைகள் பரவின என்பதே இவ்வுயர்வுக்குக் கூறப்படும் முதன்மை விளக்கம். அதாவது, 1990களில் அரியதாக இருந்த சிக்கல் 2000களில் அத்துணை அரியதாக இல்லை. செயல்முறை அதுவே; அதன் இடர் வேறு.

இந்தியச் சூழலுக்கு இக்கருத்து நேரடியாகப் பொருந்துவது. கடைசி நிலை மருந்துகளாகக் கருதப்படும் கார்பபெனெம் வகையையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 நொதியின் பரவல் குறித்து 2010ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு ஆய்வில் சென்னையிலிருந்து பெறப்பட்ட மாதிரிகளும் இடம்பெற்றன. 2012ஆம் ஆண்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி எதிர்ப்பாற்றலுக்கு எதிரான செயல்திட்டமாகச் 'சென்னை சாற்றுரை'யை வெளியிட்டன. எதிர்ப்பாற்றல் பரவலாக உள்ள ஒரு சமுதாயத்தில், பிற நாடுகளில் பெறப்பட்ட குறைந்த விழுக்காட்டை அப்படியே எடுத்துரைத்து நோயாளியை ஆற்றுப்படுத்துவது அறிவியல் நெறிக்கு ஒவ்வாது.

6. தடுப்பு முறைகளின் வளர்ச்சி

தடுப்பு முறைகள் மூன்று நிலைகளில் வளர்ந்துள்ளன.

முதலாவது, மலக்குடல் வழியையே கைக்கொண்டு இடரைக் குறைத்தல். மாதிரி எடுப்பதற்குச் சற்று முன் போவிடோன் அயோடின் கரைசலால் மலக்குடலைத் தூய்மை செய்வது தொற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதை ஆய்வுகளின் தொகுப்பாய்வு காட்டியது. விலை குறைந்த இம்முறை எளிய மருத்துவமனைகளிலும் கைக்கொள்ளத்தக்கது. மலக்குடலிலிருந்து முன்னரே மாதிரி எடுத்து, அங்குள்ள நுண்ணுயிரிகள் எம்மருந்துக்குக் கட்டுப்படுகின்றன என்று சோதித்தபின் தடுப்பு மருந்தைத் தெரிவு செய்வது மற்றொன்று.

இரண்டாவது, ஊசியின் வழியையே மாற்றுதல். விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோலின் வழியே ஊசியைச் செலுத்தினால் மலக்குடற் சுவர் துளைக்கப்படுவதில்லை. தோலைக் கிருமிநீக்கம் செய்வது இயலும். மலக்குடலை முற்றிலும் அவ்வாறு செய்வது இயலாது. நார்வே, செருமனி நாடுகளில் 555 பேரிடம் நடத்தப்பட்டு 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், தோல்வழி முறையில் தடுப்பு மருந்து பெற்றோர், பெறாதோர் ஆகிய இரு குழுவினருள் எவருக்கும் செப்சிஸ் நேரவில்லை.

இரு வழிகளையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. 2024ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 658 பேர் இடம்பெற்றனர். தடுப்பு மருந்தின்றிச் செய்யப்பட்ட தோல்வழி முறையில் தொற்று ஒருவருக்கும் இல்லை. சோதித்துத் தெரிந்த மருந்துடன் செய்யப்பட்ட மலக்குடல் வழியில் நால்வருக்கு, அதாவது 1.4 விழுக்காட்டினருக்குத் தொற்று நேர்ந்தது. இவ்வேறுபாடு புள்ளியியல் அளவுகோலைச் சற்றே எட்டாமல் நின்றது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில் தொற்று இரு முறைகளிலும் முறையே 2.7, 2.6 விழுக்காடாக ஏறத்தாழச் சமமாக இருந்தது. ஆயினும் நுண்ணுயிர் எதிர்ப்பியைப் பெரிதும் சாராமல் செய்ய இயல்வது தோல்வழி முறையின் தனிப்பயனாகும். ஒருவருக்கு ஏற்படும் தொற்றைத் தடுப்பதோடு, சமுதாயத்தில் எதிர்ப்பாற்றல் பெருகுவதையும் அது குறைக்கின்றது. ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள் தோல்வழி முறைக்கே முன்னுரிமை அளிக்கின்றன.

மூன்றாவது, தேவையற்ற மாதிரி எடுப்பையே தவிர்த்தல். 2018ஆம் ஆண்டில் வெளியான 'பிரிசிஷன்' ஆய்வில் 500 ஆடவர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து ஐயத்திற்குரிய இடத்தில் மட்டும் மாதிரி எடுக்கப்பட்ட குழுவில் 28 விழுக்காட்டினருக்கு ஊசியே தேவைப்படவில்லை. அவ்வாறிருந்தும் மருத்துவம் தேவைப்படும் புற்றுநோய் அக்குழுவில் 38 விழுக்காட்டினரிடமும், வழக்கமான முறைக்கு உட்பட்ட குழுவில் 26 விழுக்காட்டினரிடமும் கண்டறியப்பட்டது. செய்யப்படாத ஊசியால் சிக்கல் இல்லை என்னும் எளிய உண்மைக்கு இவ்வாய்வு அறிவியல் வலிமை சேர்த்தது.

7. அறிவிப்பும் ஒப்புதலும்

அரிய இடரை நோயாளிக்குக் கூற வேண்டுமா என்பது சட்டத்தின் முன்னும் எழுந்த வினா. 2008ஆம் ஆண்டின் சமீரா கோலி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், செயல்முறையின் தன்மை, பயன், மாற்றுவழிகள், கணிசமான இடர்கள் ஆகியவற்றை நோயாளிக்கு விளக்குதல் வேண்டும் என்றது. நோயாளியை அச்சுறுத்தவோ குழப்பவோ கூடிய மிகத் தொலைவான இடர்களை விளக்க வேண்டியதில்லை என்றும் கூறியது. 2015ஆம் ஆண்டின் மாண்ட்கோமரி வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வேறோர் அளவுகோலை முன்வைத்தது: அந்நோயாளியின் நிலையிலுள்ள ஒருவர் குறிப்பிட்ட இடரைப் பொருட்படுத்துவாரா என்பதே அது. விழுக்காடு மட்டும் அதனை முடிவு செய்வதில்லை.

திசு மாதிரி ஆய்வுக்குப் பிந்தைய செப்சிஸ், இந்திய அளவுகோலின்படியும் தொலைவான இடராகாது. அது பதிவு செய்யப்பட்ட விழுக்காடுகளில் நிகழ்வது; உயிரைப் பறிக்கக்கூடியது; மேலாக, நோயாளி அறிந்திருந்தால் விளைவை மாற்றக்கூடியது. மூன்றாவது பண்பே தீர்வானது. நோயாளியால் எதுவும் செய்ய இயலாத ஓர் இடரை அறிவிப்பது அச்சத்தை மட்டும் தரலாம். நேரத்தோடு மருத்துவமனைக்குத் திரும்பினால் பிழைக்கத்தக்க இடரை அறிவிப்பது மருத்துவத்தின் தொடர்ச்சியாகும்.

இங்குத் தமிழின் பங்கும் கருதத்தக்கது. தமிழ்நாட்டு வழக்கில் 'சதைப் பரிசோதனை' எனப்படும் இச்செயலுக்கான ஒப்புதல் படிவம் நோயாளிக்கு விளங்கும் தமிழில் அமைதல் வேண்டும். 'தொற்று ஏற்படலாம்' என்னும் பொதுச் சொற்றொடர் செய்யத்தக்கது எதனையும் உணர்த்துவதில்லை. 'உடல் நடுங்கக் குளிர் எடுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ மாத்திரை போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு வரவும். இன்ன நாளில் திசு எடுக்கப்பட்டது, இன்ன மருந்து கொடுக்கப்பட்டது என்று கூறவும்' என்பது போன்ற நேரிய தொடர்கள் வீட்டிலுள்ளோருக்கும் விளங்கும். குழப்பநிலையில் உள்ள நோயாளி தாமே முடிவெடுக்க இயலாதவர் ஆதலின் உடனிருப்போருக்கும் இவ்வறிவுரையைக் கூறுதல் இன்றியமையாதது.

முடிவுரை

புரோஸ்டேட் திசு மாதிரி ஆய்வு புற்றுநோயை உறுதி செய்வதற்கு இன்றும் இன்றியமையாதது. அச்சத்தால் அதனைத் தவிர்ப்பது காலத்தோடு கண்டறியத்தக்க புற்றுநோயை முற்றவிடுவதாகும். இங்கு விளக்கப்பட்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. கடுமையான சிக்கல்களுள் பெரும்பாலானவை மலக்குடல் நுண்ணுயிரிகள் சுரப்பிக்கும் குருதிக்கும் செல்வதால் விளைகின்றன. எனவே ஊசியின் வழியும் மலக்குடல் தூய்மையும் தடுப்பின் அடிப்படைகளாகும்.

2. சிக்கலின் அருமை காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப மாறுவது. ஒண்டாரியோவின் பத்தாண்டுப் பதிவு அதற்குச் சான்று. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளின் தொற்று அளவைத் தானே பதிவு செய்து காண்பதே நம்பத்தக்க வழி.

3. எம்.ஆர்.ஐ. படத்தை முற்படுத்துவது ஊசி தேவைப்படுவோரின் எண்ணிக்கையைக் குறைக்கின்றது.

4. செப்சிஸின் விளைவு நோயாளி திரும்பி வரும் நேரத்தைப் பொறுத்தது. ஆதலின் தெளிவான தாய்மொழி அறிவிப்பும் தடுப்பு முறைகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.

ஒண்டாரியோவில் பாதிப்புற்றுக் கணக்கில் வந்தோர் புற்றுநோய் இல்லாதவர்கள். அவர்களுக்கு அவ்வாய்வினால் கிடைத்த பயன் நோய் இல்லை என்னும் உறுதி மட்டுமே. அவ்வுறுதிக்காக அவர்கள் ஏற்ற இடரை முன்கூட்டியே அறிந்திருக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. 'சாதாரணமானது' என்னும் சொல் செயல்முறையின் எளிமையைக் குறிக்கலாம். அதன் இடரை மறைக்கும் திரையாகிவிடுதல் கூடாது.